ஐந்தடித் தூரம்

பாஸ்போர்ட் போட்டோ எடுத்தே இருபது வருஷம் ஓட்டியவனுக்குத் தெரு வைத்த பெயர் 'அசையாதே'. நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும் அதைத்தான் சொல்வான். நாற்காலிக்கும் கேமராவுக்கும் ஐந்தடி. அந்தத் தூரத்தில் இருப்பது தெளிவாக விழும்படி லென்ஸின் போகஸ் வளையத்தைத் திருப்பி, நகராதபடி டேப் ஒட்டிவைத்திருந்தான். அதற்கப்புறம் போகஸ் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோனது.

அவனுடைய அக்காவுக்குப் பிறவியிலேயே மாலைக்கண். பொழுது சாய்ந்தால் சுவர்தான் துணை. இப்போது பகல் பார்வையும் போய்க்கொண்டிருந்தது. மிஞ்சிப்போனால் ஒரு மாதம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"நட்சத்திரத்த நான் பார்த்ததே இல்லடா. பெரிசா ஒரு போட்டோ எடுத்துக் குடு. பகல்ல வெளிச்சத்துல வச்சுப் பார்த்துக்கறேன்" என்றாள்.

நிலா இல்லாத இரவாகப் பார்த்து மொட்டைமாடியில் ஸ்டாண்டை நிறுத்தினான். லென்ஸின் துளையை முழுசாகத் திறந்தான். மங்கல் வெளிச்சத்தையும் பிடிக்க ஐஎஸ்ஓவை மூவாயிரத்து இருநூறுக்கு ஏற்றினான். ரொம்ப நேரம் ஷட்டரைத் திறந்துவைத்தால் நட்சத்திரம் கோடாக இழுக்கும் என்பதால் எட்டு நொடியோடு நிறுத்தினான். பழக்க தோஷம், வானத்தைப் பார்த்தும் "அசையாதீங்க" என்றான். சின்னத் திரையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ விழுந்திருந்தது. போதும் என்று இறங்கிவிட்டான்.

மறுநாள் பெரிய பிரிண்ட் வெளியே வந்ததும் விரித்துப் பார்த்தான். ஒரு நட்சத்திரம்கூடப் புள்ளியாக இல்லை. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஊதிக் கிடந்தது. லென்ஸில் டேப் ஒட்டினபடியே இருந்தது. அத்தனை பெரிய வானத்தை ஐந்தடியில் உட்காரவைத்து எடுத்திருக்கிறான், மடையன்.

சுருட்டி மறைப்பதற்குள் அக்கா வந்துவிட்டாள். ஜன்னலோரம் பிடித்து, மூக்கு உரசப் பார்த்தாள். கண்ணீர் கொட்டியது.

"இவ்வளவு பெரிசாடா! புள்ளி புள்ளியா இருக்கும்னு எல்லாரும் என்னை ஏமாத்தியிருக்காங்க பாரு!"

அப்படியொரு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவன் பார்த்ததே இல்லை. வாய்வரை வந்ததை விழுங்கினான். சரியானதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

அன்று சாயங்காலமே மேகம் மூடியது. இருபது நாள் வானம் திறக்கவில்லை. திறந்த அன்று, நிலா எழுவதற்குள் டேப்பைப் பிய்த்தெறிந்து, ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும்வரை வளையத்தைத் திருப்பி எடுத்தான். அற்புதமாக வந்தது. மூன்று நாள் முன்பே அக்காவுக்குப் பகலும் இருட்டிவிட்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் புதுப் படத்தை அவள் மடியில் விரித்தான். அவள் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இதுலயும் அதே மாதிரி பெரிசு பெரிசாத்தானே இருக்கு?"

"ஆமாக்கா" என்றான். "அதைவிடப் பெரிசு."