கஞ்சி நூலில் கட்டிய தாங்குகால்

1
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது. யாருடைய குற்றம் என்று அவசரப்படாதீர்கள்.

‘1982. நிந்தவூர் வயலில் பனி மூட்டமாக…’ [சீ, பனியில் தொடங்காத கதை உண்டா? வெட்டு.]

எங்கள் வட்டை வயல்கள் முழுவதற்கும் ஒரே ஒரு ரைபிள். பன்றி விரட்ட அதை வைத்திருப்பவருக்கே வயல் காவல் வேலை. பதினொரு வருடமாக ஊருக்கு மூத்தவர் அச்சிமுகம்மது காக்காவிடம் இருந்தது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. அந்தப் பெரும்போக வேளாண்மையில் அவர் குறி தப்பித் தப்பிப் போனது. “போட்டி வைங்க, வெல்றவன் வெச்சிரிக்கட்டும்!” என்று கத்தியவன் றஸாக். அதாவது நான்.

2
நூறு யார் தூரம் தள்ளிச் சுண்ணாம்படித்த மூன்று தேங்காய்ச் சிரட்டைகள், ஆளுக்கு மூன்று வெடி. வரம்பில் படுத்துச் சுடலாம், துவக்குக்கு எந்தத் தாங்கலும் வைக்கலாம். சமமாக வந்தால் மட்டும் எழுந்து நின்று வெறுங்கையால் சுட வேண்டும்.

நான் மண்பை வைத்து இரண்டை உடைத்து, மூன்றாவதைத் தப்பவிட்டு அங்கேயே கிடந்தேன். காக்கா கொண்டுவந்தது, இரண்டு தறிக்கம்புகளைக் கவையாகக் கட்டிய தாங்குகால். கட்டியவர் அவர் பெண்சாதி சபூறா, மருதமுனை நெசவுக்காரி. கட்டு, தறிக்கென்று கஞ்சி போட்ட பாவு நூல்; காய்ந்தால் இரும்பு.*

* நனைந்தால்? பாவு நூலை யார் வயலில் நனைப்பார்கள்? நெசவு வீட்டில் அந்த யோசனையே வராது.

அவர் கை நடுங்குவதை அப்போதுதான் கண்டேன். அல்லாஹ்வே, என்ன நடுக்கம்! தாங்குகால் அதை மறைத்தது. இரண்டு வெடி, இரண்டு சிரட்டை.

3
வரம்பின் ஈரம் ஏறி நூல் இளகியது. கால்கள் விரிந்தன. குழல் சேற்றை முத்தமி… [வெட்டு. குழல் சாய்ந்தது, அவ்வளவுதான்.]

“கெதியாச் சுடு, அச்சிமுகம்மது!” வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை புண்ணியமூர்த்தி தூரத்திலிருந்து கத்தினார்.

காக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி றஸாக், உன்ட மண்பையத் தாடா. இது தப்பினா எழும்பி நிண்டு சுடணும். கையக் கண்டா ஒருத்தனும் எனக்குத் துவக்குத் தரமாட்டான்.”

4
இந்தக் கதையின் முதல் பிரதியில் மண்பையைக் கொடுத்தேன். அவர் வென்றார். வாசித்து எனக்கே கண்ணீர் வந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. ஒன்பதாம் நாள் கிழித்தேன்.

இரண்டாம் பிரதியில் காது கேளாதவன்போல் கிடந்தேன்.

மூன்றாம் பிரதியிலும் கொடுத்தேன். “கை நடுங்குதா காக்கா? இந்தாங்க!” என்று வயலே கேட்கக் கத்திக் கொடுத்தேன். [இதை ஒருவரிடமும் காட்டவில்லை.]

சந்தியில் கண்டால் காக்கா இப்போதும் ஸலாம் சொல்கிறார். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது.

முடிவை நான் எழுதப்போவதில்லை. மண்பை உங்கள் கைக்கெட்டக் கிடக்கிறது. அவர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். கை நடுங்குகிறது. புண்ணியமூர்த்தி அதை இன்னும் பார்க்கவில்லை.