முளைவிட்ட மூட்டை

கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். அப்பா போட்ட முடிச்சு. விடிந்ததும் அதை அவிழ்க்கத்தான் கொட்டகைக்கு வந்தார். அவிழ்க்காமல் மூட்டையின் மேலேயே சாய்ந்துவிட்டார். அம்மா தேநீரோடு வந்து இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

இப்போது கூடத்தில் பெஞ்சின் மேல் கிடந்தார். வாசல் முழுக்கச் செருப்புகள்.

மூட்டைக்குள் கையை விட்டாள். ஊறவைத்துக் கட்டிப்போட்ட விதைநெல் கதகதவென்றிருந்தது. வெள்ளை முளைகள் சில ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருந்தன. இன்னும் ஒரு பொழுது போனால் பின்னிக்கொள்ளும்; பிரித்தால் முறியும். இரண்டு கூடைகளில் அள்ளி நிரப்பி, ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

சித்தப்பா வாசலில் மறித்தார். "அண்ணன் உள்ள கிடக்கறாரு. நீ எங்க கெளம்பிட்ட?"

"வயலுக்கு. காத்து எழும்பறதுக்குள்ள விதைக்கணும், சித்தப்பா. எடுக்கறது மூணு மணிக்குத்தானே."

"அத மாட்டுக்குக் கொட்டிடு. இந்தப் போகம் நிலம் சும்மா கிடக்கட்டும். அடுத்த போகம் நானே போட்டுக்கறேன்."

"நிலம் சும்மாதான் கிடக்கும். நீங்க சும்மா இருக்கமாட்டீங்க."

உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ இருமினார்கள்.

"அண்ணன் இருந்தவரைக்கும் உன்ன ஒரு பிடி விதைக்க விட்டாரா?"

"விடல. கோழிக்குத் தீனி போடற மாதிரி எறியறேன்னாரு."

"சரியாத்தானே சொல்லியிருக்காரு."

"சரிதான். அதனாலதான் கத்துக்குடுங்கன்னேன். அதுக்கும் மாட்டேன்னுட்டாரு."

அம்மா அப்பாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வயலில், நேற்று அப்பா பலகை இழுத்துச் சமன்படுத்திய சேற்றின் மேல் மெல்லிய தண்ணீர் நின்றது. முதல் பிடி ஒரே இடத்தில் குவிந்து விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. பின்னாலேயே வந்த சித்தப்பா வரப்பில் கைகட்டி நின்று பார்த்தார்.

"திட்டுத் திட்டா முளைக்கப்போகுது."

"முளைக்கும்ல."

விரல்களைத் தளர்த்திப் பார்த்தாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பிடி பரவலாக விழுந்தது. அடுத்தது மறுபடி குவிந்தது. நிற்காமல் நடந்தாள். பாதி வயலில் கூடை காலியானது.

திரும்பியபோது அம்மா வரப்பில் நின்றிருந்தாள், இரண்டாவது கூடையோடு. இழவுக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் அவளுக்குப் பின்னால் பாதையில் நின்று பார்த்தார்கள்.

"என்ன அண்ணி இது? அங்க அவர தனியா விட்டுட்டு..."

"தனியா எங்க? ஊரே உக்காந்திருக்கு."

மகள் கூடையை வாங்கக் கை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை. புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, விதைக்காமல் கிடந்த பாதிக்குப் போனாள். ஒரு பிடி அள்ளினாள்.

அம்மாவின் கை அப்படி விரிவதை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. நெல் விசிறிபோல் பறந்து, ஒவ்வொரு மணியும் தனக்கென்று ஓர் இடம் பார்த்துத் தண்ணீரில் இறங்கியது.

அம்மா நிமிராமல் அடுத்த அடி வைத்தாள்.