பேரியத்தின் நிறம்

செய்முறைத் தேர்வு முடிந்தபோது வேதியியல் ஆய்வகத்தில் மிஞ்சியிருந்தவர்கள்: பன்னிரண்டாம் வகுப்பு குருபிரசாத், ஆசிரியை வித்யாலக்ஷ்மி, சாவிக்கொத்தோடு காத்திருந்த உதவியாளர் ஷ்யாம்தா. வெளியே வராந்தாவில் குருபிரசாத்தின் அப்பா வெங்கடநாராயணன்.

அவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை. பையன் கப்பலைச் செலுத்தும் டெக் அதிகாரியாகப் போகிறான் என்று குடியிருந்த டாக்குரியா பேட்டையில் தெரிந்தவர் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதற்கான மெடிக்கல் பரிசோதனைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. போகிறவனுக்கும் வேறு ஆசை கிடையாது.

வித்யாலக்ஷ்மி விடைத்தாளைப் பார்த்தாள். உப்பில் இருப்பது பேரியம் என்று எழுதியிருந்தான். சரி. அசிட்டிக் அமிலம், பொட்டாசியம் குரோமேட், வீழ்படிவு. சரி. சுடர் சோதனை: ஆப்பிள் பச்சை. அதுவும் சரிதான். ஆனால் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டும் பிளாட்டினம் கம்பி துடைத்து வைத்தபடியே கிடந்தது.

"ஏண்டா, பர்னரையே பத்த வைக்கலை. பச்சையை எங்க பாத்தே, கனவுலயா?"

"குரோமேட் விட்டதும் கலங்கித்து மிஸ். ஸ்ட்ரான்ஷியம்னா கலங்காது. அப்போ பேரியம்தான். பேரியம்னா பச்சை."

"மகா கெட்டிக்காரன். இப்போ கண்ணால பாத்துச் சொல்லு."

இரண்டு பர்னர்களை ஏற்றி, ஒன்றில் பேரியத்தையும் மற்றதில் ஸ்ட்ரான்ஷியத்தையும் காட்டினாள். ஒன்று பச்சை, ஒன்று கருஞ்சிவப்பு. அவனுக்கு இரண்டும் ஒரே அழுக்கு மஞ்சள். இத்தனை நாளும் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி மீரா நிறத்தைக் காதில் சொல்லிவிடுவாள். இன்று அவளுக்கு வேறு மேஜை. ஸ்ட்ரான்ஷியத்தைக் காட்டி, "பச்சை" என்றான்.

வித்யாலக்ஷ்மி இடம் மாற்றிக் காட்டினாள். மறுபடியும் தப்பு.

"ஆத்துல தெரியுமா?"

"தெரியாது மிஸ். மெடிக்கல்ல எப்படியாவது சமாளிச்சுடலாம்னு..."

"ராத்திரி எதிர்ல கப்பல் வரது. இந்தப் பக்கம் சிவப்பு விளக்கு, அந்தப் பக்கம் பச்சை. அதைப் பாத்துத்தான் அது எந்தப் பக்கம் போறதுன்னு தெரியும். அதுல போய் குரோமேட் ஊத்துவியாடா?"

அவள் பர்னர்களை அணைத்தாள். கேலி செய்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

"மார்க் முழுசாப் போடறேன். அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்லிக்கறேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஜம்முனு பண்ணியாடா?" என்றார் அப்பா.

"நான் டெக்குக்குப் போக முடியாதுப்பா."

"ஏன், மார்க் போயிடுத்தா?"

"இல்லை. முழுசா வரும்."

"அப்புறம் என்னடா?"

வித்யாலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டு இருவரையும் தாண்டிப் போனாள். ஷ்யாம்தா கதவைச் சாத்தி, குருபிரசாத்தின் முதுகுக்குப் பின்னால் பூட்டினார்.