நெருப்பு வளைவில் திரும்புமா?

பரந்தன் சந்தியில் சிவகரனின் டயர் கடை ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டு. பின்பக்கத்தில் மட்டும் கொலை நடக்கும். நாலு பழைய டயருக்கு மேல் ஒரு பலகை, அதில் குகதாசன் கீறிய குகைப் படம், தேத்தண்ணிக் கோப்பைக்குள் பகடைகள். ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கி ஆடும் ஆட்டம். அதை நடத்துகிறவன் குகதாசன். கோழி உரிப்பதைப் பார்த்தாலே தலை சுற்றுகிற ஆள். ஆட்டத்தில் மட்டும் பூதங்களை விட்டு ஆட்களைக் கிழித்துப்போடுவான். நிலத்தில் விழுந்த பகடை செல்லாது என்று ஒரு சட்டமும் போட்டு, அதற்காக வாங்காத பேச்சில்லை.

அன்றைக்கு ரஜிதாவின் வாள்காரி மின்னி குகைக்குள் அகப்பட்டுவிட்டாள். ரஜிதா மூன்று வருடமாக ஆடி வளர்த்த பாத்திரம். செத்தால் செத்ததுதான், திரும்பி வர வழியில்லை. பூதமொன்று இடது கையைத் தோளோடு பிய்த்தெடுத்திருந்தது. குகையின் வளைவுக்குப் பின்னால் இரத்தம் வழிய நின்றாள். வளைவுக்கு இந்தப் பக்கம் பூதங்கள். வாசலில் சிவகரனின் மந்திரவாதி.

"நெருப்புக் குண்டு. எல்லாத்தையும் பொசுக்கிறன்," என்று சிவகரன் கோப்பையைக் குலுக்கினான்.

குகதாசன் கையைப் பிடித்து மறித்தான். விதிப் புத்தகத்தில் ஒரேயொரு வரி: தீ அந்த இடத்தை நிரப்பும். எதுவரைக்கும் என்று எழுதியவர் சொல்லவில்லை.

"குகை முழுக்க ஒரே இடந்தானே. மின்னியும் எரிவாள்," என்றான், பெரிய நீதவான் மாதிரி.

"வளைவுக்குப் பின்னாலை நெருப்பு வராதடா!"

"நிரப்பும் எண்டால் நிரப்பும். புத்தகம் நீயோ எழுதினனி?"

சிவகரனின் குத்து நேரே மூக்கில் இறங்கியது. பலகை புரண்டு, கோப்பை உடைந்து, பகடைகள் டயர்களுக்கடியில் உருண்டன. குகதாசன் எழும்பப் பார்க்க, வயிற்றில் ஓர் உதை. சிவகரனின் கையில் டயர் கழற்றும் கம்பி.

"சண்டை நேரம் எங்கட பங்கர்க் குழிக்கும் வளைவு இருந்தது. வாசலிலை செல் குண்டு விழுந்து எரிஞ்சது. நான் பின்னாலை இருந்தனான். ஒரு மயிரும் கருகேல்லை! எனக்குத் தெரியாதே?"

ரஜிதா கம்பியைப் பிடித்தாள்.

"எங்கட பங்கருக்கை நெருப்பு திரும்பினது, சிவா. தம்பியும் பின்னாலைதான் இருந்தவன்."

கம்பி அந்தரத்தில் நின்றது. வீதியில் ஒரு பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு போனது.

குகதாசனுக்கென்று இருந்த ஒரேயொரு யுத்தக் காயம், பங்கருக்குள் ஓடும்போது படியில் வழுக்கி விழுந்த முழங்கால் தழும்பு. அவன்தான் இப்போது தீர்ப்புச் சொல்ல வேண்டும். திரும்பும் என்றால் மின்னி சாவாள். திரும்பாது என்பதை ரஜிதாவின் முகத்தைப் பார்த்து எந்த வாயால் சொல்வது?

சேர்ட் கையால் மூக்கைத் துடைத்தான்.

"நிலத்திலை விழுந்த பகடை செல்லாது. நெருப்பு இன்னும் எறியேல்லை. என்ன செய்யிறாய், சொல்லு."

சிவகரன் கம்பியைக் கீழே போட்டான். டயர்களுக்கடியில் கையை விட்டுப் பகடைகளைப் பொறுக்கினான்.

"கத்தியோடை உள்ளுக்குப் போறன்."

"உன்ரை மந்திரவாதியின்ரை கத்தி பப்பாசி வெட்டத்தான் காணும்," என்றாள் ரஜிதா, கண்ணைத் துடைத்தபடி. "வாறதெண்டால் கெதியா வா. எனக்கு ஒரு கைதான் மிச்சம்."

வெட்டினார்கள். ஒன்றுக்குக் கழுத்து, ஒன்றுக்குக் குடல், கடைசிப் பூதத்தின் மண்டையை மின்னி ஒற்றைக் கையால் பிளந்தாள். பூதங்களுக்கான பகடையைக் குகதாசன் உள்ளங்கையால் மறைத்துத்தான் உருட்டினான். பாவம், அன்றைக்கு அவற்றின் ஒரு வீச்சும் ஒருவர்மேலும் படவில்லை.