மாமன் வீட்டு மீட்டர்

"பதினெட்டாயிரந்தான் அம்மிணி, அதுக்கு மேல ஒரு கிலோமீட்டர் கூட..."

"மாமா, நான் கேக்கறது..."

"நீ என்ன கேட்டாலும் பதினெட்டாயிரந்தான். மீட்டரைப் பாரு!"

"மீட்டரைப் பாத்துட்டனுங்க. இப்ப வண்டியைப் பாக்க உடுங்கன்னுதான்..."

"மாமன் ஊட்டு வண்டியைக் குனிஞ்சு பாக்கறதுக்கு நீ என்ன ஆர்டிஓவா?"

செல்வப்பிரியா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. வடகரப்பதியில் ஈஸ்வரமூர்த்தி வீட்டு வாசலில், காலையிலேயே கழுவித் துடைத்து விற்பனைக்கு நிறுத்தியிருந்த பைக் வெயிலில் மின்னியது. திங்கட்கிழமை சாந்தன்பாறையில் அவளுக்கு வேலை. வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்க்கும் ஒப்பந்த வேலை. ஏலக்காய்த் தோட்டத்துக்குள் ஒரு வீடு மேட்டில், அடுத்தது பள்ளத்தில். முதல் மாதமே பாதி வீடு விட்டுப்போனால் இரண்டாம் மாதம் வேறு ஆள். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனாலோ, இரண்டாம் மாதத்தைப் பற்றிய கவலையே இல்லை.

மெக்கானிக்கைக் கூட்டி வந்திருக்கலாம். "எங்கண்ணன் ஊட்டு வண்டிக்கு மெக்கானிக்கா? அப்புறம் அந்த வாசப்படியை எப்படி மிதிக்கறது?" என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள். தாய்மாமன் சொன்ன விலைக்குப் பேரம் இல்லை, சொன்ன சொல்லுக்குச் சோதனை இல்லை. வெளியாள் எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காமல், தங்கை மகளுக்கென்றே ஈஸ்வரமூர்த்தி வண்டியை எடுத்து வைத்திருந்தாரே, அந்தப் பாசத்தின் வேர் அங்கேதான் இருந்தது.

"கால் வெக்கற ரப்பர் மொட்டையாத் தேஞ்சிருக்குதுங்களே?"

"என்ர காலு கனமான காலு."

"செயின் மாட்டற பல்லு அத்தனையும் ஊசியாட்ட நிக்குது."

"இங்கத்த மண்ணு அப்படி."

"டேங்க்ல பெயிண்ட் போயிருச்சு."

"வெயிலு."

"முட்டி படற எடத்துல மட்டும் வெயில் அடிச்சுதுங்களா?"

அவள் வண்டியைக் கிளப்பி, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவிக் காட்டினாள். சாவித்துளை அத்தனை தேய்ந்திருந்தது; வண்டி பாட்டுக்கு ஓடியது.

"பாத்தியா? சாவி கூட வேண்டாங்குது. அத்தனை நல்ல இஞ்சின்!"

"மாமா, பிரேக் ஷூவும் செயின் செட்டும் மட்டும் மாத்திக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"பதினெட்டாயிரம் ஓடுன வண்டிக்கு எவனாச்சும் செயின் மாத்துவானா? ஊரு சிரிக்காது?"

பயிற்சிக் காலத்தில் செல்வப்பிரியா ஒன்று கற்றிருந்தாள். வீட்டில் பிரிட்ஜ், கிரைண்டர், தண்ணி மோட்டார் எல்லாம் இருக்கும்; மீட்டர் மட்டும் துறவியாக இருக்கும். அந்த மாதிரி இடத்தில் மீட்டரோடு வாதாடக்கூடாது. வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

"உள்ள வா கண்ணு, மோரு குடி" என்று அத்தை முத்தாத்தாள் கூப்பிட்டதும் உடனே போனாள்.

கூடத்துச் சுவரில், சாமி படத்துக்கு ஒரு சாண் மேலே, கேடயம் தொங்கியது. ஐந்து ஆண்டுகள் ஒரு வேளையும் தவறாமல் பால் ஊற்றியவர் ஈஸ்வரமூர்த்தி என்று அதில் பால் சங்கம் பொறித்திருந்தது. அடுத்த மாதம் சங்கத் தலைவர் தேர்தலில் நிற்கிறார். இந்தக் கேடயத்தைத் தவிர ஓட்டுக் கேட்க அவரிடம் வேறொன்றும் இல்லை.

"கேடயம் ஜோரா இருக்குதுங்க மாமா."

பின்னாலேயே வந்திருந்த மாமாவின் நெஞ்சு நிமிர்ந்தது. "மழைன்னு நின்னதுண்டா, காச்சல்னு படுத்ததுண்டா? காத்தால ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. இன்னொருத்தன் கையில பால் கேனைக் குடுத்ததே இல்ல!"

"இதே வண்டியிலதானுங்களா?"

"பின்னே? ஏழு வருசமா இந்த ஊட்டுல வேற வண்டி ஏது கண்ணு?" என்றாள் முத்தாத்தாள்.

"பால் சொசைட்டி எவ்வளவு தூரமுங்க அத்தை?"

"நாலு கிலோமீட்டர். அதுக்கு இவரு பெட்ரோலைப் பத்திப் பாடற பாட்டு இருக்குதே..."

"முத்தாத்தா, நீ மோரை ஊத்து" என்றார் மாமா. கொஞ்சம் தாமதமாகச் சொல்லிவிட்டார். செல்வப்பிரியா அதற்குள் போனை எடுத்திருந்தாள்.

"போக வர எட்டு. ரெண்டு வேளைக்குப் பதினாறு. அஞ்சு வருசத்துக்கு இருபத்தொம்பதாயிரத்தி எரநூறு. இது பாலுக்கு மட்டும். கோயமுத்தூருக்கும் கல்யாணத்துக்கும் போனது தனி."

"அது... சில நாளு நடந்தும்..."

"நாப்பது லிட்டர் கேனைத் தூக்கிட்டா?" முத்தாத்தாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்களா? குளிக்கறதுக்குத் தண்ணியே நாந்தானுங்க தூக்கியாறேன்!"

"இல்ல, சில நாளு ஊத்தாமயும்..." என்று ஆரம்பித்த ஈஸ்வரமூர்த்தியின் கண் தானாகச் சுவருக்குப் போனது.

செல்வப்பிரியா மோரை மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரை அத்தையிடம் கொடுத்தாள்.

"அந்தக் கேடயத்தைச் சொசைட்டியில திருப்பிக் குடுத்துட்டு வந்துருங்க மாமா, வண்டி பதினெட்டாயிரந்தான் ஓடுச்சுன்னு நான் நம்பிக்கறேன்."