ஸ்பீக்கருக்குள் ஒரு தையல் மிஷின்

மைத்துனன், அக்கா கேட்ட இரண்டு புது ஒயர்களைக் கொண்டுவந்து, பாதி வெட்டிய கோட்டுத் துணியின் மேலேயே போட்டான். தையல்காரர் துணியை மட்டும் உருவிக்கொண்டார்.

கூடத்தில் ஒரு பக்கம் அவருடைய மோட்டார் மிஷின். எதிர்ப்பக்கம் அவர் மனைவியின் பாட்டுச் சாமான்கள். பகலெல்லாம் ஆபீஸ் போனில் ஊரார் புகாரைக் கேட்டுவிட்டு வருகிறவள் அவள். வந்ததும் பாட்டால் காதைக் கழுவவேண்டும் என்பாள். அதற்குச் சின்ன ரேடியோவே போதுமானதாக இருந்தது. போன மாதம் இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று ‘ஸ்ட்ரீமர்’, இணையத்திலிருந்து பாட்டை எண்களாக இழுத்து வரும். இன்னொன்று ‘டாக்’, அந்த எண்களைப் பாட்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். நடுவில் யுஎஸ்பி ஒயர். அன்றிலிருந்து, அவர் பெடலை மிதித்தால் போதும், ஸ்பீக்கருக்குள் ‘கொர்ர்’ என்று இரைச்சல் கிளம்பும். அவள் முகம் சுளிப்பாள். அவர் காலை எடுத்துவிடுவார்.

“மிஷினைப் பின்னறையில போட்டுடுங்க மாமா. யுஎஸ்பியே இருக்கட்டும், அதுலதான் தரம்,” என்றான் மைத்துனன்.

பின்னறையை அவர் காலையிலேயே அளந்துவிட்டிருந்தார். ஜன்னல் கிடையாது, மிஷின் நுழையும். பாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டனுக்குக் காஜா எடுத்தபடியே நிமிர்ந்து பார்த்தால், அவள் கண்மூடிக் கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருப்பாள். அவருக்குத் தெரிந்த பாட்டு அதுதான். அது பின்னறைக்கு வராது. கழுத்தில் தொங்கிய டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு முதலில் கோஆக்சியல் ஒயரைப் போட்டார்கள். பெடலை மிதித்தார். கொர்ர்.

“இதுவும் கரண்டு கடத்துற ஒயர்தான். மிஷின் பண்ற கலாட்டா இதுலயும் ஏறி வந்துடுது. இன்னொன்னு ஆப்டிக்கல், அதுல வெளிச்சம் மட்டும்தான் போகும். ஆனா அக்கா, இந்தப் பெட்டியில அது வழியா உசந்த பதிவெல்லாம் வராது. பட்டுல சாக்குத் தையல் போட்ட மாதிரி ஆயிடும்,” என்றான் மைத்துனன்.

“சாக்கு தைச்சுப் பாத்திருக்கியாடா நீ?” என்றார் தையல்காரர்.

அவள் சிரித்துக்கொண்டே ஆப்டிக்கல் ஒயரைத் தானே செருகினாள். பாட்டு வந்தது. அவர் மிதித்தார். ஸ்பீக்கரில் பாட்டு மட்டுமே இருந்தது. ஆனால் மிஷின் சும்மா இருக்குமா? தடதடவென்று கூடம் முழுக்க அதன் சத்தம். அவள் கண்ணைத் திறந்தாள். சட்டென்று காலை எடுத்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“சத்தம் கேக்குதே. நான் பின்னாடியே போயிடறேன். இடமெல்லாம் அளந்துட்டேன்.”

“அளந்துட்டீங்களா?” அவள் எழுந்து வந்து அவர் கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். “ஏங்க, இது நம்ம வீட்டுச் சத்தம். இவ்ளோ நாளா இதோடதானே கேட்டுட்டு இருக்கேன்? நீங்க ஸ்பீக்கருக்குள்ள பூந்துக்கிட்டு உறுமினதுதான் எனக்கு ஆகல. வெளியவே உக்காந்து தைங்க.”

“அப்ப உசந்த பதிவு?” என்றான் தம்பி.

“அத உன் வீட்டுல கேட்டுக்கோ.”

அவன் மீதி ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். ஆப்டிக்கல் ஒயரின் முனையில் ஊசிக்கண் அளவு சிவப்பு வெளிச்சம் கசிந்தது. தையல்காரர் கோட்டுத் துணியை மிஷினுக்கடியில் தள்ளி, முதலில் மெதுவாக, பிறகு வழக்கம்போல மிதித்தார். நிமிர்ந்து பார்த்தார். கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கா, மிஷினுக்கா என்று அவருக்குப் பிடிபடவில்லை.