நாலாவது சுத்து

லிஃப்டை நிறுத்திவிட்டு மோட்டார் ரூமுக்குள் போய் ஒளிந்துகொண்டால் பெண்டாட்டி எட்டு மாடி ஏறி வரமாட்டாள் என்று நினைத்தான் பாருங்கள், அந்த ஆளுக்குக் கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம் ஆகிறது. இன்னுமா ஒருத்தனுக்குப் புத்தி வராது?

வந்தாள். மூச்சு இரைக்க இரைக்க வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கடையின் பெயர் தைத்த கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். வாசலில் நின்று இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். திட்டுவதற்குக் காற்று சேர்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும்.

"போனை ஏன் எடுக்கல?"

"கை பூரா கிரீஸ்."

"காதுலயுமா?"

லிஃப்ட் மெக்கானிக் கம்பிக்கயிற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே நாலாம் முறை துடைக்கிறான். சனிக்கிழமை, கட்டடத்தில் பாதி ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது, சர்வீஸ் செய்ய நல்ல நாள்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு அவன் காலையிலிருந்து உள்ளே கிடக்கிறான் என்றால், விஷயம் கயிற்றில் இல்லை.

விஷயம் இதுதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் 'ஈரத் தீக்குச்சி' என்று ஒரு ராக் பேண்ட் இருந்தது. நாலு பேர். பாடினது அவளுடைய அண்ணன். டிரம்ஸ் இவன். ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள், ஒன்பது பாட்டு, ஐந்நூறு கேசட். அது வெளிவருவதற்குள் பேண்டே போய்விட்டது. இப்போது யாரோ ஒரு புண்ணியவான் அதை இணையத்தில் ஏற்றி, நாலு பேர் கேட்டு, நாற்பது பேர் கேட்டு, ஒரு கம்பெனிக்காரர்கள் மறுபடி வெளியிடுகிறோம் என்று வந்து நிற்கிறார்கள். நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. மூன்று பேர் போட்டாயிற்று. இவன் இரண்டு தடவை முடியாது என்றுவிட்டான். இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்குள் போனிலாவது சம்மதம் சொல்லியாக வேண்டும், அதற்கு மேல் கம்பெனி காத்திருக்காது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மச்சான், வாழ்க்கையில் தான் பாடினது அந்த ஒன்பது பாட்டுதான் என்று, காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஏன் மாட்டேன் என்கிறான்? அங்கேதான் வருகிறது அந்த ஐந்தாவது பாட்டு.

அவர்கள் பதிவு செய்த முறை அப்படி. வாடகை ரூம், வாடகை டிரம்ஸ். முதல் நாள் கண்ணாடி அறைக்குள் இவன் தனியாக உட்கார்ந்து, பாட்டை மனசுக்குள் ஓட்டி, சுத்துகளை எண்ணி எண்ணி ஒன்பது பாட்டுக்கும் டிரம்ஸை மட்டும் அடித்து முடித்தான். சாயங்காலம் டிரம்ஸ் கடைக்குத் திரும்பிப் போயிற்று. மறுநாள் அதற்கு மேல் டிரம்ஸ் ஓடுகிற வரைக்கும் கிடார், கடைசியில் பாட்டு. ஐந்தாவது பாட்டில் பல்லவி மூன்று சுத்து. மச்சான் மூன்று சுத்து பாடி முடித்தார், வரி தீர்ந்தது. டிரம்ஸ் தீரவில்லை. அது பாட்டுக்கு நாலாவது சுத்து ஓடுகிறது! ஐயோ பாவம், மச்சான் என்ன செய்வார், வார்த்தையே இல்லாமல் ஒரு சுத்து முழுக்க முனகி ஒப்பேற்றினார். வெளியே வந்ததும், எல்லார் முன்னாலும் கேட்டார்: "மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குடா குச்சி?"

குச்சிகளை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தவன்தான். அதற்கப்புறம் ஒரு தகர டப்பாவைக்கூடத் தட்டியதில்லை. அப்புறம் அதே மச்சானின் தங்கையைக் கட்டிக்கொண்டான் என்பது வேறு கூத்து. கல்யாணத்துக்கு மச்சான் வந்தார், சாப்பிட்டார், போனார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு "ம்", "சரி" இரண்டு வார்த்தைதான். மிச்சமெல்லாம் இவள் வழியாக. எண்ணிக்கை எப்படி விட்டுப்போயிற்று என்று யாராவது கேட்டால், மனுஷன் வாயைத் திறக்கமாட்டான்.

"நகருங்க." அவள் டூல்ஸ் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கேட்டவங்க எழுதியிருக்காங்க. அறுபத்து மூணு கருத்து. நேத்தே முழுசா படிச்சுட்டேன். இப்ப நீங்க கேக்கறீங்க."

"வேணாம்."

"கேக்கறீங்களான்னு நான் கேக்கல."

ஊர் பேர் தெரியாத அறுபத்து மூன்று பேர், எல்லாருக்கும் காது உண்டு, எல்லாருக்கும் மூணு வரைக்கும் எண்ணத் தெரியும். அவன் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான்.

அவள் படிக்க ஆரம்பித்தாள். "'பாடுறவர் தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி கத்துறார். ஆனா நிறுத்த மனசு வரல.' அண்ணனுக்கு இது வேணும். அடுத்தது. 'அட்டைப்படம் வரைஞ்சவர் இப்ப உயிரோட இருந்தா மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க.'"

"கிடார்காரன் வரைஞ்சது." அவனுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"'தீ, தீ, தீன்னு பன்னெண்டு தடவை. தீயணைப்பு நிலையத்துல வேலை பாக்கறேன், வீட்டுக்கு வந்தும் இதானா?' ரெண்டு ஸ்டார். 'மேல் வீட்டுக்காரர் இந்த ஆல்பத்தைக் கேட்டு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டார். அஞ்சு ஸ்டார்.'"

அவன் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்கினான், அவ்வளவுதான். அவள் படிக்கப் படிக்க அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கிடார் சுருதி சேரவில்லை என்று ஒருத்தர். இல்லை, அதுதான் அழகு என்று அவரை வறுத்தெடுத்த இன்னொருத்தர். பதிவு செய்த ரூமில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது என்று ஒரு டீச்சர் நிமிஷம், நொடி போட்டுக் கண்டுபிடித்திருந்தார். அந்த டீச்சருக்கு என்ன காது! அவருக்குத் தெரியாமலா போயிருக்கும்?

"டிரம்ஸ் பத்தி?" என்றான் கடைசியில். குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"பதினொரு பேர். 'டிரம்ஸ் கரெக்ட்.' இது ஒருத்தர். 'டிரம்ஸ் இல்லேன்னா இந்த நாலு பேரும் நாலு திசையில போயிருப்பாங்க.' இது அந்த ஃபேன் சத்தம் டீச்சர். 'டிரம்ஸ்காரர் வேற என்ன ஆல்பம் பண்ணியிருக்கார்?' இது மூணு பேர் கேட்டிருக்காங்க."

"அஞ்சாவது பாட்டு?"

"அதுக்குத்தான் பெரிய சண்டையே. நாலாவது சுத்துல வார்த்தை ஏன் வரலன்னு. துக்கத்துக்கு வார்த்தை கிடையாது, அதான்னு ஒருத்தர். இல்ல, அது சந்தோஷம்னு ஒருத்தர். முப்பது பதில், ஒருத்தரையொருத்தர் கடிச்சுக் குதறாத குறைதான். இதுல ஒரு நர்ஸ் எழுதியிருக்காங்க, டியூட்டி முடிஞ்சு பஸ்ல வரும்போது அந்த ஒரு சுத்துக்காகவே கேக்கறாங்களாம்."

"தப்புன்னு...?"

"ஒருத்தருமில்ல. ஒரே ஒருத்தர்கூடச் சொல்லல. நல்லாப் பாத்துட்டேன்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கிரீஸ் தரை, பேண்ட் போச்சு, அதெல்லாம் யார் பார்த்தது. இருபத்தாறு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது மெல்ல இறங்குவது அவனுக்கே தெரிந்தது. கீழே எங்கேயோ ஒருத்தர், "லிஃப்ட் இன்னைக்கு வருமா, வராதா?" என்று கத்தினார். "வரும் சார், வரும்!" என்று இவன் போட்ட குரலில் அவள் திடுக்கிட்டுப் போனாள். இந்த மனுஷனிடம் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது.

மணி ஒன்றே முக்கால். "மச்சானைக் கூப்பிடு," என்றான். அவள் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவனிடமே நீட்டினாள்.

"சொல்லும்மா," என்றார் மச்சான்.

"நான்தான்."

இவன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "மச்சான், கையெழுத்துப் போடறேன். அந்த நாலாவது சுத்து... என் தப்புதான். உங்க பாட்டைக் கெடுத்துட்டேன். இத்தனை வருஷம் சொல்லல."

"டேய்." மச்சான் குறுக்கே புகுந்தார். "நீ எண்ணத் தெரியாதவன்னு நான் சொன்னது பொய்டா."

"என்ன மச்சான்?"

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்தானே நின்னேன்? அஞ்சாவது பாட்டு அடிக்கறே. என் தங்கச்சி எங்களுக்கு காபி கொண்டாந்தா. உன் கண்ணு அவ பின்னாடியே போச்சு. அவ கதவைச் சாத்திட்டுப் போற வரைக்கும் நீ அடிச்சுக்கிட்டே இருந்தே. டிரம்ஸ் மட்டும்தானே கேக்குது, சுத்து கூடினது அப்ப எனக்குத் தெரியல. ஆனா பாத்த பார்வை தெரிஞ்சுது. மறுநாள் பாடும்போதுதான் ரெண்டும் சேர்ந்து புரிஞ்சுது. பொசுக்குன்னு வந்துச்சு கோபம். என் தங்கச்சியை ஏன்டா பாத்தேன்னு அத்தனை பேர் முன்னாடி எப்படிக் கேக்கறது? வாயில வந்தது அதுதான்." மச்சான் மூக்கை உறிஞ்சினார். "நல்லா அடிச்சவன் கையிலேருந்து குச்சியைப் பிடுங்கிட்டேன்டா மாப்ள. அதை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு தெரியாமதான் 'ம்'னு சொல்லிக்கிட்டே காலத்தை ஓட்டிட்டேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். "நானா?" என்றாள். "என்னைப் பாத்தா எண்ணிக்கை விட்டுச்சு?"

அவன் தலையை ஆட்டினான். காது வரைக்கும் சிவந்துபோயிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபம், கூடவே என்னவோ ஒரு பெருமை. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் இவன் வாயிலிருந்து இதை ஒரு தடவை கேட்டிருந்தால், எத்தனை சண்டையை விட்டுக்கொடுத்திருப்பாள்!

"மாப்ள? லைன்ல இருக்கியாடா?" என்றார் மச்சான்.

அவன் கிரீஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டான். அவள் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அண்ணா, அவர் அழறார். சந்தோஷமாத்தான் அழறார். சம்மதம்னு எழுதிக்கோ... டேய் அண்ணா, நீயுமா? சரி சரி, ரெண்டு பேரும் அழுது முடிங்க. கம்பெனிக்காரங்களுக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன்."